வெளிமாநிலத்தில் வாடகை வீடா? வீட்டை அப்புறம் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். கையில் ஒரு லட்சம் டாலர் சேர்ந்திருக்கிறது. இங்கே அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது. அலுவலக நண்பர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமலே ஒஹாயோவில் இரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். நாங்களும் இறங்கலாமா? எந்த ஊரில் வாங்குவது? எல்.எல்.சி. (வழக்கு வந்தால் சொந்தச் சொத்தைக் காக்கும் தனி நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் வாங்க வேண்டுமா?"

இறங்கலாம். ஆனால் எந்த ஊர், எந்த வீடு என்று தேடுவதற்கு முன்னால், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள். ஜனவரி மாதம் இரவு 11 மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டால், குடியிருப்பவர் அழைப்பது உங்களை அல்ல, உங்களுக்காக வீட்டை நிர்வகிக்கும் ப்ராபர்ட்டி மேனேஜரைத்தான். நல்ல மேனேஜர் கையில் சுமாரான வீடுகூட ஓடும். மோசமான மேனேஜர் கையில் தங்கமான வீடும் நஷ்டத்தில்தான் முடியும்.

அதனால் இரண்டு மூன்று ஊர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நான்கைந்து மேனேஜர்களிடம் பேசுங்கள். வாடகையில் 8 முதல் 10 சதவீதம் என்பார்கள். அதோடு முடிவதில்லை. புதிதாக ஆள் பிடித்துக் கொடுத்தால் அரை மாதம் அல்லது ஒரு மாத வாடகை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தனிக் கட்டணம், ரிப்பேர் பில்லின் மேல் கமிஷன் என்று தொடரும். உங்களைக் கேட்காமல் எத்தனை டாலர் வரை செலவு செய்வார்கள், பிடிக்காவிட்டால் எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு சின்னச் சோதனை: அவர்கள் விளம்பரம் செய்திருக்கும் வீடு ஒன்றுக்கு, வாடகைக்கு வீடு தேடுபவர் போல போன் செய்து பாருங்கள். இரண்டு நாளாகியும் பதில் வராவிட்டால் நாளை உங்கள் வீடும் அப்படித்தான் காலியாகக் கிடக்கும். கடைசியாக, "எந்தத் தெருவில் இருக்கும் வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில் எந்த இணையத் தளத்திலும் கிடைக்காது.

வீட்டைப் புதுப்பித்து, ஆளையும் குடிவைத்து, "சாவியைக் கூட நீங்கள் தொட வேண்டாம்" என்று விற்கும் நிறுவனங்கள் உண்டு. விற்பவரே மேனேஜராகவும் இருப்பார். அங்கே வாடகை மதிப்பைச் சொல்பவரும் விலை வைப்பவரும் ஒரே ஆள். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாடகை எவ்வளவு போகும் என்பதை மட்டும் அந்த ஊரில் சம்பந்தமில்லாத இன்னொரு மேனேஜரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பலருக்குக் கணக்கு உதைப்பது இங்கேதான். உதாரணத்துக்கு இண்டியானாபோலிஸில் 2,20,000 டாலர் வீடு, வாடகை 1,750 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீதம் முன்பணம் போக 1,65,000 கடன், 7 சதவீத வட்டி, 30 வருடம். மாதத் தவணை சுமார் 1,100. "மாதம் 650 டாலர் மிச்சம்!" என்பது விளம்பரக் கணக்கு. இண்டியானாவில் சொத்து வரிக்கு உச்சவரம்பு உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கு 2 சதவீதம். 2 சதவீதம் என்றே வைத்தால் மாதம் 367. இன்சூரன்ஸுக்கு 125, மேனேஜருக்கு 8 சதவீதம் என்று 140, வருடத்தில் ஒரு மாதம் காலி என்று 146, ரிப்பேருக்கும் கூரை, ஏ.சி. போன்ற பெரிய செலவுக்கும் 175 ஒதுக்குங்கள். தவணையோடு சேர்த்து மொத்தம் 2,050 தாண்டிவிடும். மிச்சம் 650 அல்ல, கைக்காசு மாதம் 300 போகிறது.

இதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். விலையைப் பேசிக் குறைக்கலாம், முன்பணத்தைக் கூட்டலாம், வேறு ஊர் பார்க்கலாம். இந்த எல்லாச் செலவுகளையும் எழுதிப் பார்க்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்பவர் காட்டும் சொத்து வரி ரசீதையும் நம்பாதீர்கள். டெக்ஸஸில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குத் தனி வரி விலக்கும், வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்ற வரம்பும் உண்டு. வாடகைக்கு விடும் உங்களுக்கு இவை கிடைக்காது. மிச்சிகனில் வீடு கைமாறியதும் வரிக்கான மதிப்பைச் சந்தை நிலவரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். முப்பது வருடம் குடியிருந்தவரிடம் வாங்கினால், அவர் கட்டிய வரிக்கும் உங்களுக்கு வரும் பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது.

உங்கள் நண்பரின் ஒஹாயோ வீடுகள் பற்றி ஒரு வார்த்தை. 80,000 டாலர் வீட்டைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் கூரை போடுபவர் வீட்டின் விலையைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை. 12,000 டாலர் கூரை, 900 டாலர் வாடகை வரும் வீட்டில் ஒரு வருட வருமானத்தையே விழுங்கிவிடும். க்ளீவ்லாண்ட் பக்கம் வீடுகள் பழையவை. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈய பெயிண்ட் பற்றிக் குடியிருப்பவருக்குத் தெரிவிப்பது நாடு முழுக்கக் கட்டாயம். க்ளீவ்லாண்ட் நகரம் அத்தகைய வாடகை வீடுகளுக்கு ஈய அபாயம் இல்லை என்ற சான்றிதழும் கேட்கிறது. அது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

நேரில் போகாமல் வாங்கலாமா? முதல் வீட்டுக்குப் போங்கள், விமான டிக்கெட் செலவைப் பார்க்காதீர்கள். பகலில் ஒருமுறை, இரவு ஒருமுறை அந்தத் தெருவில் நடங்கள். இன்ஸ்பெக்‌ஷனோடு கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர்தான். நான் அதை ஒருமுறை மிச்சம் பிடிக்கப் போய், மரத்தின் வேர் புகுந்த குழாயைத் தோண்டி எடுக்க ஆறாயிரத்துக்கு மேல் அழுதேன். டெக்ஸஸில் களிமண் நிலம் அதிகம். அஸ்திவாரத்தில் விரிசல் தெரிந்தால் ஒரு பொறியாளர் பார்க்கட்டும். இன்சூரன்ஸ் வாடகை வீட்டுக்கான பாலிசியாக இருக்க வேண்டும். வீடு 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் பல பாலிசிகளில் பாதுகாப்பு குறையும் என்பதையும் படித்துப் பாருங்கள்.

எல்.எல்.சி. கேள்விக்கு என் பதில்: முதல் வீட்டுக்கு அவசரம் இல்லை. வேறு மாநிலத்தில் பதிவு செய்தாலும் நீங்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து அதை நடத்தினால், இங்கே வருடம் குறைந்தது 800 டாலர் வரி. தவிர, சாதாரண வீட்டுக் கடனை வங்கி உங்கள் பெயரில்தான் தரும். வாங்கிய பிறகு வீட்டை எல்.எல்.சி.க்கு மாற்றினால் முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்க ஒப்பந்தத்தில் இடம் உண்டு. நல்ல இன்சூரன்ஸும் அதற்கு மேல் ஓர் அம்ப்ரெல்லா பாலிசியும் (மற்ற பாலிசிகளின் வரம்பைத் தாண்டும் இழப்பீட்டுக்கானது) இப்போதைக்குப் போதும்.

வருமான வரியில் இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லைதான், ஆனால் நீங்கள் கலிஃபோர்னியாவாசி என்பதால் அந்த வாடகைக்கும் இங்கே வரி உண்டு. அடுத்தது, கட்டடத்தின் மதிப்பை (நிலத்தை அல்ல) 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிப்பதால் தாளில் நஷ்டம் வரும். அதில் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழிக்கும் சலுகை, வருமானம் 1 லட்சத்தைத் தாண்டும்போது குறையத் தொடங்கி 1.5 லட்சத்தில் இல்லாமலே போகும். இரண்டு ஐ.டி. சம்பளத்துக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வீணாகாது, பிற்பாடு வரும் வாடகை லாபத்திலோ விற்கும்போதோ கழிக்கலாம்.

உங்களில் யாராவது எச்1பி விசாவில் இருந்தால், வீடு வாங்கவும் வாடகை பெறவும் தடையில்லை. ஆனால் அன்றாட நிர்வாகத்தை நீங்களே செய்வது வேலையாகக் கருதப்படலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

உங்கள் ஒரு லட்சத்தை இரண்டு வீட்டுக்குப் பிரிக்காதீர்கள். முதலீட்டு வீடு என்றால் வங்கி ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாகக் காட்டச் சொல்லலாம். மேலே சொன்ன உதாரண வீட்டுக்கே முன்பணம் 55,000, பதிவுச் செலவு, முதல் ரிப்பேர், கையிருப்பு என்று 80,000 ஓடிவிடும். மீதியைத் தொடாமல் வைத்திருங்கள். முதல் வீடு ஒரு குளிர்காலத்தையும் ஒரு குடித்தனம் மாறுவதையும் தாண்டட்டும், இரண்டாவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.