அமெரிக்க டிராக் அழகிப் போட்டிகளில் ஜெயிக்கும் திருநங்கைக் கலைஞர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கிரீடம் கிடைத்தால் வாழ்க்கை செட்டில் ஆகிவிடுமா?

ஆகாது. கிரீடம் சோறு போடாது. அதைக் காட்டி அடுத்த சில வருஷம் வாங்கும் புக்கிங்தான் சோறு போடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிராக் என்பது பெண் வேடமிட்டு மேடையில் ஆடும் தொழில், திருநங்கையாக இருப்பது வாழ்க்கை. ஆண் கலைஞர் ஷோ முடிந்து விக்கைக் கழற்றினால் ஆணாக வீட்டுக்குப் போவார். திருநங்கைக் கலைஞர் கழற்றினாலும் பெண்தான், மேக்கப் கலைந்த பெண், அவ்வளவே. எந்தப் போட்டிக்குப் போகலாம் என்பதையே இந்த வேறுபாடு பல காலம் தீர்மானித்தது. 1972-ல் நாஷ்வில்லில் தொடங்கிய மிஸ் கே அமெரிக்கா, ஆணாக வாழ்பவர்களுக்கான போட்டி. ஹார்மோன் எடுப்பவர்களுக்கு அங்கே பல வருஷம் இடமில்லை. சிகாகோவில் பேட்டன் ஷோ லவுஞ்ச் என்ற டிராக் ஷோ கிளப்பை நடத்திய ஜிம் ஃப்ளின்ட் 1980-ல் ஆரம்பித்த மிஸ் கான்டினென்டல் போட்டியில் ஹார்மோனும் மார்பக அறுவை சிகிச்சையும் தடையில்லை. அதனால் திருநங்கைகளுக்கு அதுதான் பெரிய மேடையானது. 2001-ல் அங்கே ஜெயித்த கேண்டிஸ் கேய்ன் பிறகு டிவி தொடர்களில் நடித்தார். சாஷா கோல்பி 2012-ல் அங்கே ஜெயித்தார், ருபால்ஸ் டிராக் ரேஸ் என்ற டிவி போட்டியின் 15-வது சீசனை 2023-ல் ஜெயித்தார். இடையில் 11 வருஷம். துறைக்குள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் உலகத்துக்குத் தெரிய அத்தனை காலம் பிடித்தது.

நேரே தேசியப் போட்டிக்குப் போக முடியாது. ஊர், மாநில அளவில் நடக்கும் ப்ரிலிம் என்ற தகுதிப் போட்டி ஒன்றில் தேறியாக வேண்டும். கான்டினென்டலில் நீச்சலுடை, ஈவ்னிங் கவுன், கேள்வி பதில், டேலன்ட் என்று சுற்றுகள் உண்டு. டேலன்ட் சுற்றுக்கு நடனக் குழு, செட், ஒத்திகை, எல்லாருக்கும் விமான டிக்கெட் என்று பணம் கரையும். நேரம் தாண்டினால் மதிப்பெண்ணும் போகும்.

இதில் ரொம்ப இரக்கமில்லாதது நீச்சலுடைச் சுற்று. கவுனுக்குள் ஃபோம் வைத்து இடுப்பை உருவாக்கிவிடலாம். சோபாவுக்குப் போடும் ஃபோமை வாங்கி, ஒரு பக்கத்துக்கு காகிதத்தில் வடிவம் வெட்டி, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கு வெட்டுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு இடுப்பும் இரண்டு விதமாக இருக்கும். நடுவில் இரண்டு அங்குலம் கனம் இருந்தாலும் ஓரம் காகிதம் போல் மெலிந்துகொண்டே போக வேண்டும். ஓரத்தைச் சரியாகச் சீவாவிட்டால் ஸ்பாட்லைட்டில் தொடையில் ஒரு வரப்பு தெரியும். அடியில் இறுக்கமான ஒரு டைட்ஸ், அதன்மேல் ஃபோம், அதன்மேல் மூன்று நான்கு டைட்ஸ். ஒரு அடுக்கு குறைந்தால் ஆடும்போது ஃபோம் முழங்காலை நோக்கி இறங்கும். நீச்சலுடையில் இந்த வித்தைக்கெல்லாம் இடம் குறைவு. உடம்பே பேச வேண்டும்.

அந்த அழுத்தத்தில் பிறந்ததுதான் "பம்ப்பிங்". டாக்டரே அல்லாத யாரோ ஹோட்டல் அறையிலோ வீட்டிலோ திரவ சிலிகானை இடுப்பிலும் பின்புறத்திலும் கன்னத்திலும் ஊசியால் ஏற்றுவது. அறுவை சிகிச்சைக்குக் காசில்லாத, நல்ல டாக்டரிடம் போக வழியில்லாத தலைமுறை இதைத்தான் நம்பியது. உடம்பைப் பெருக்க சிலிகான் ஊசி போடுவதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடையாது. மார்பகத்தில் வைக்கும் சிலிகான் போல இதில் பை எதுவும் இல்லை, திசுவுக்குள் அப்படியே பரவும் திரவம். ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைத்து உடனே உயிர் போகலாம். தப்பினாலும் பல வருஷம் கழித்துக் கட்டியாக இறுகும், கீழே இறங்கும், சீழ் பிடிக்கும். முழுசாக வெளியே எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. போட்டவர்கள், எந்த வருஷம், எந்த இடத்தில், எவ்வளவு என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விஷயம் தெரியாமல் அதே இடத்தில் ஹார்மோன் ஊசியைக் குத்திவிட்டால் சிக்கல்.

கவுன் விஷயத்துக்கு வருவோம். கவுனில் ஒட்டும் மின்னும் கற்களின் எண்ணிக்கை ஒரு பைத்தியம். எஸ்.எஸ்.20 அளவுக் கல் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு குரோஸ் என்றால் 144, ஆக 10 குரோஸ் பொட்டலத்தில் 1440 கல் இருக்கும். உடம்பு முழுக்கக் கல் பதித்த கவுனுக்கு ஒரு பொட்டலம் எந்த மூலைக்கு? நீளும் துணியாக இருந்தால் தையல் பொம்மையில் மாட்டி, உடுத்தும்போது இருக்கும் இழுப்பில் வைத்து ஒட்ட வேண்டும். மேசையில் விரித்துப் போட்டு ஒட்டினால், உடுத்தி முதல் மூச்சு இழுக்கும்போதே கல் தெறிக்கும். இ6000 பசை முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆகும். முந்தின ராத்திரி ஒட்டி மடித்துப் பெட்டியில் வைத்தவர்களின் கல் பெட்டிக்குள்தான் மின்னும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒட்டுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

முகத்துக்கு இரண்டு மணி நேரம் சாதாரணம். புருவத்தில் பசைக் குச்சியை மூன்று தரம் தடவி, ஒவ்வொரு தரமும் காயவிட்டுத்தான் பவுடர். ஈரத்தில் பவுடர் போட்டால் திரிதிரியாக நிற்கும். தாடி நிழலை ஆரஞ்சு நிறம் மறைக்கும். லேசரில் தாடி முடியைப் போக்கியவர்களுக்கு அந்த வேலை மிச்சம். ஆனால் நரைத்த முடியிலும் வெளிர் முடியிலும் லேசர் பலிக்காது, வேரில் மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ராலிசிஸில் ஒவ்வொன்றாகத்தான் போக்க வேண்டும். நெற்றி ஓரத்தில் மெல்லிய வலை வைத்த லேஸ் விக்கில் பலர் தடுமாறுவது அவசரத்தால். நெற்றி எண்ணெயை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பசையை மெல்லிசாகப் பூசி, அது வெள்ளை மாறித் தெளிவாகும் வரை பொறுக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும்போதே அழுத்தினால் இரண்டாவது பாட்டுக்கு ஆடும்போதே வியர்வை லேஸைத் தூக்கிவிடும்.

பணம் மூன்று வழியில் வரும். மதுபான பாரில் ஷோவை நடத்தும் டைரக்டர் தரும் புக்கிங் தொகை. ஆடும்போது கையில் நீட்டப்படும் ஒரு டாலர் நோட்டுகள். வாரநாளில் கூட்டம் இல்லையென்றால் இதில் பாதி அடிபடும். மூன்றாவது ஹோஸ்டிங், அதாவது ஆடாமல் பாடாமல் பார்ட்டிக்கு வந்து நிற்பதற்கே சம்பளம். நியூயார்க்கில் அமாண்டா லெப்போர் போன்றவர்களின் புகழ் இந்த வகை. முகமும் பெயரும்தான் முதலீடு, உடம்புக்கு முடியாத ராத்திரியும் போய் நிற்க வேண்டும். ஜெயித்த வருஷம் முழுக்க ப்ரிலிம்களுக்குப் பறந்து போய் கிரீடத்தோடு ஆடுவதும் கடமை. மறு வருஷம் கிரீடத்தை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

டிப்ஸும் வருமானம்தான், வரி உண்டு. தினமும் எண்ணி எழுதி வைப்பவர்கள் வீடு வாடகைக்கு எடுக்கும்போது தப்பிப்பார்கள், ஏனென்றால் சம்பளச் சீட்டு அவர்களிடம் இருக்காது. காசோலையை மேடைப் பெயரில் வாங்காதீர்கள். வங்கி மாற்றாது. அடையாள அட்டையில் என்ன பெயரோ அதையே ஒப்பந்தத்தில் எழுதி, போஸ்டரில் மேடைப் பெயர் மட்டும்தான் வர வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அட்டையில் இன்னும் மாறாத பழைய பெயர் போஸ்டரில் அச்சாகிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.