அப்பா வரைந்த ஓவியங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறோம். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த அப்பா, உயில் எழுதாமல் 2019-இல் இறந்தார். தண்ணீர்மலை தைப்பூசம், துறைமுகத் தொழிலாளர்கள், மார்க்கெட் ஸ்திரீட் கடைகள் என்று கண்ணால் கண்டதை அப்படியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். அண்ணன் எங்களைக் கேட்காமல் 12 ஓவியங்களைக் கோலாலம்பூரில் ஒரு கலைக்கூடத்திடம் விற்கக் கொடுத்துவிட்டார். "அறியப்படாத ஓவியர், விலை போகாது" என்கிறார்கள் அங்கே. ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பிக் கடையோ அப்பா ஓவியத்தை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்கிறது. அம்மா, தம்பி, நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் விற்பனையை நிறுத்துங்கள். விலையை அப்புறம் பேசலாம்.

உயில் இல்லாதபோது, சூராட் குவாசா (சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம்) கிடைக்கும்வரை அப்பாவின் சொத்தை விற்கப் பிள்ளைகள் யாருக்கும் அதிகாரம் இல்லை. மூத்த மகன் என்பதால் மட்டும் அது வந்துவிடாது. 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, தாத்தா பாட்டி உயிரோடு இல்லையென்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமம். இதைச் சொல்லி, ஓவியங்களை விற்கக்கூடாது என்று கலைக்கூடத்துக்கு வழக்கறிஞர் கடிதம் இந்த வாரமே போகட்டும். விவரம் தெரியாமல் ஒருவர் வாங்கிவிட்டால், மீட்பது வருடக்கணக்கில் இழுக்கும். அண்ணன் மேல் போலீஸ் புகார் இப்போது வேண்டாம். அவருக்கும் இதில் பங்கு உண்டு. அம்மா கூப்பிட்டுப் பேசினால் அவரே திரும்ப வாங்கிவிடக்கூடும்.

அப்பா பெயரில் வீடோ நிலமோ இருந்து, மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால், சொத்தைப் பிரித்துக்கொள்ள நில அலுவலகத்தில் மனு செய்யலாம். அசையும் சொத்து மட்டும், 6 லட்சம் வெள்ளிக்குள் என்றால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனம். மற்றபடி உயர்நீதிமன்றம். ஓவியங்களின் மதிப்பைக் குறைத்துக் காட்ட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரணச் சொத்து வரி 1991-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

காப்பிக் கடைக்கு வருவோம். ஓவியத்தை வைத்திருப்பது வேறு, அதைப் பிரதி எடுக்கும் உரிமை வேறு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஓவியர் இறந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். பினாங்கின் புகழ்பெற்ற ஓவியர்கள் அப்துல்லா அரிஃப், யோங் முன் சென் இருவரும் 1962-இல் இறந்தார்கள். அவர்கள் படைப்புகளின் உரிமை 2012 இறுதியோடு முடிந்தது. உங்கள் அப்பாவுடையது 2069 இறுதிவரை உண்டு. கடைக்காரர் அந்த ஓவியத்தை அப்பாவிடமே காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றித் தராதவரை அச்சடிக்க முடியாது. ஆனால் ஒன்று: கடைக்காரரே சொல்லி வரையவைத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்குப் போய்விடும். பழைய ரசீது, கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது விலை. கலைக்கூடம் சொன்னதை நான் ஏற்கவில்லை. அறியப்படாதவர் என்பது பல நேரம் ஆவணம் இல்லாதவர் என்பதுதான். அப்பா ஓவியங்களோடு நிற்கும் புகைப்படம், கண்காட்சி அழைப்பிதழ், பத்திரிகைத் துணுக்கு, கையெழுத்து, தேதி எல்லாவற்றையும் சேருங்கள். ஒவ்வொரு ஓவியத்தையும் முன்னும் பின்னும் படமெடுத்து, அளவோடு பட்டியல் போடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் நீங்களே துடைக்காதீர்கள். விற்பனையில் பங்கில்லாத மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

அவசரப்பட்டு விற்காதீர்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மறுவிற்பனையில் ஓவியர் குடும்பத்துக்குப் பங்கு தரும் சட்டம் சில நாடுகளில் இருக்கிறது, மலேசியாவில் இல்லை. இன்று 2,000 வெள்ளிக்குக் கொடுத்தது நாளை ஏலத்தில் 20,000-க்குப் போனால் உங்களுக்கு ஒரு காசும் வராது. விற்கத்தான் வேண்டுமென்றால் குறைந்தபட்ச விலை, கமிஷன், பணம் தரும் தேதி, விற்காவிட்டால் திருப்பித் தரும் தேதி நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பதிப்புரிமை குடும்பத்திடமே இருக்கும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

சூராட் குவாசாவுக்கு அம்மாவையே மனுதாரராகப் போடுங்கள். அது கையில் கிடைத்ததும் காப்பிக் கடைக்கும் கடிதம் அனுப்பலாம்.