முதலில் தொப்பையா, தோளா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. கை கால்கள் ஒல்லி, தொப்பை மட்டும் பெரியது. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. காலையில் 4 இட்லி, மதியம் சாம்பார் சாதம், மாலையில் டீயும் 2 வடையும், இரவு 3 தோசை சாப்பிடுகிறேன். ஜிம்மில் சேர்ந்து 2 மாதங்கள் ஆகியும் எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. 'நன்றாகச் சாப்பிட்டு முதலில் உடம்பை ஏற்றுங்கள்' என்கிறார் ஒரு மாஸ்டர். 'முதலில் 10 கிலோ இறக்குங்கள், பிறகு ஏற்றலாம்' என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: சில மாதம் எடையை ஏற்றிப் பிறகு சில மாதம் இறக்கும் முறை, ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்களுடையது. பல ஆண்டுகள் பயிற்சி செய்துவிட்ட அவர்களுக்குத் தசை மிக மெதுவாகத்தான் கூடும் என்பதால் அதற்கென்று கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ வரையறை. 98-இல் நிற்கும் நீங்கள் இன்னும் ஏற்றினால் முதலில் ஏறுவது தொப்பைதான். வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து 10 கிலோ இறக்கினாலோ, இருக்கும் கொஞ்சத் தசையும் அதோடு போய்விடும்.

புதிதாக எடை தூக்கத் தொடங்கியவர்களுக்கு, அதிலும் உடலில் கொழுப்பு இருப்பு உள்ளவர்களுக்கு, கொழுப்பு குறைவதும் தசை கூடுவதும் ஒரே காலத்தில் நடக்கும். தசை வளர்வதற்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்த கொழுப்பே தந்துவிடும். புரதத்தை மட்டும் சாப்பாட்டில்தான் தர வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 40 இளைஞர்கள் உணவுச் சக்தியை 40 சதவீதம் குறைத்துக்கொண்டு 4 வாரம் கடும் பயிற்சி செய்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியது. 1.2 கிராம் உண்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. தசை இருந்த அளவிலேயே நின்றது. அத்தனை கடுமை அலுவலகம் போய் வருகிறவருக்குத் தாங்காது. தினமும் 400 கலோரி அளவுக்குக் குறைத்தாலே மாதத்துக்கு ஒன்றரை கிலோ வரை கொழுப்பு குறையும்.

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் ஒரு நாள் புரதம் 50 கிராமைத் தொடுவதே கடினம். உங்களுக்கு 100 கிராம் அளவுக்கு வேண்டும். காலையில் 2 இட்லியைக் குறைத்து 3 முட்டை சாப்பிட்டால் 18 கிராம் கிடைக்கும். மதியம் சோற்றைப் பாதியாக்கி 100 கிராம் மீன் சேர்த்தால் 20, மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10, இரவு ஒரு தோசையை விட்டு 50 கிராம் மீல் மேக்கர் சேர்த்தால் 25. உளுந்து வடையிலும் புரதம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டுதான், ஆனால் அதனுடன் குடித்துவிடும் எண்ணெய்க்கும் சேர்த்துத்தானே கணக்கு எழுத வேண்டும்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வாரத்துக்கு 3 நாள் பஸ்கி, தோளுக்கு மேலே எடை தூக்குவது, நெஞ்சை நோக்கி இழுப்பது போன்ற பெரிய தசைகளுக்கான பயிற்சிகள் போதும். 8 முதல் 12 முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை திணற வேண்டும்; திணறாத நிலை வந்தால் எடையைக் கூட்டுங்கள். எத்தனை கிலோ, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய வேலையில்லை. தூக்கத்தில் கைவைக்காதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஒரே அளவு உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும், எட்டரை மணி நேரத்துக்குப் பதில் ஐந்தரை மணி நேரமே படுக்கையில் இருந்த நாட்களில் கொழுப்புக் குறைவு 55 சதவீதம் சரிந்து, தசையிழப்பு கூடியது.

இனி அந்த எடை மெஷின். 2 மாதமாக முள் அசையாததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கலாம்: கொழுப்பு இறங்கிய அளவுக்குத் தசை ஏறியிருக்கலாம், அல்லது எதுவுமே நடக்காமல் இருக்கலாம். எது என்பதை இஞ்சு டேப்தான் சொல்லும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், 2 வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பேன்ட் அளவை நம்பவே வேண்டாம். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவருக்கு 34 என்ற அளவு 20 ஆண்டுகள் ஆனாலும் மாறாது. சுற்றளவு குறைந்து, நோட்டில் கிலோ ஏறியிருந்தால் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டும் அசையவில்லை என்றால் சாப்பாடு இன்னும் குறையவில்லை என்று பொருள்.

கேள்வி: எனக்கு 54 வயது, ஊர் திருநெல்வேலி. தினமும் 45 நிமிடம் நடந்து, சோற்றைக் குறைத்து 6 கிலோ இறங்கினேன். இப்போது படியேறினால் தொடை நடுங்குகிறது. டம்பெல் தூக்கச் சொல்கிறாள் மகள். உடம்பு ஆண்களைப் போல ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. அப்படித் தசை திரளத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவாகவே சுரக்கிறது. இறங்கிய 6 கிலோவில் தசையும் ஒரு பங்கு இருந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு தசை இழப்பும் எலும்புத் தேய்மானமும் வேகமெடுப்பதால் நடை மட்டும் போதாது. நடுக்கம் திடீரென்று வந்திருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால், நடையை விடாமல், வாரத்தில் 2 நாளாவது சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். அது சுலபமானதும் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். மகளின் டம்பெல் அதற்கு அடுத்த மாதம்.