ஆர்க்கிட் பூக்கிறது, காய்க்கவில்லையே?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஊதா டென்ட்ரோபியம் ஆர்க்கிட் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். வருடா வருடம் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. தேன் பெட்டி வைத்தால் காய்க்கும் என்கிறார் செடி வியாபாரி. விதை பாக்கெட்டும் மாஞ்சோலைப் பக்கத்துக் காட்டுச் செடியும் கொண்டுவந்து தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: இரண்டையுமே வாங்காதீர்கள்.

உங்கள் செடிக்கு எந்தக் குறையும் இல்லை. மற்றப் பூக்களில் பெரும்பாலும் மகரந்தம் பொடியாக உதிரும். ஆர்க்கிட்டில் அது மெழுகுபோல் உருண்டை கட்டி, பூவின் நடுத்தண்டு நுனியில் சின்ன மூடிக்குள் இருக்கிறது. பூவுக்கேற்ற உடலளவுள்ள பூச்சி நுழைந்து திரும்பும்போதுதான் அது ஒட்டிக்கொண்டு போகும். காட்டிலேயே நிறையப் பூக்கள் காய்க்காமல்தான் உதிர்கின்றன. தேன் பெட்டி வைத்தால் தேன் கிடைக்கும், காய்க்கு உத்தரவாதமில்லை.

பல்குத்தும் குச்சி போதும். பூ விரிந்து சில நாள் ஆனதும் அந்த மூடியை மெல்ல நெம்புங்கள். மஞ்சள் உருண்டைகளை எடுத்து, நடுத்தண்டின் கீழ்ப்புறத்தில், மூடிக்குச் சற்றுப் பின்னால் பிசுபிசுப்பாக இருக்கும் குழியில் வையுங்கள். பூ வாடி, அதன் காம்பு பருத்தால் காய் பிடித்துவிட்டது. வெனிலாவும் ஆர்க்கிட்தான். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் குச்சியால் செய்து காட்டிய முறையில்தான் தோட்டங்களில் இன்றும் அதைக் காய்க்க வைக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டென்ட்ரோபியத்தில் பல வகைகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே பூ, அதே கொத்து, அதே செடியின் வேறு பூ, எல்லாம் ஒன்றுதான். சரி, இரண்டு தொட்டி இருக்கிறதே என்பீர்கள். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செடியிலிருந்து திசு வளர்ப்பில் பெருக்கியவை. ஒரே நிறத்தில் இரண்டு வாங்கினால் கண்ணுக்குத்தான் இரண்டு, பிறப்பில் ஒரே செடி. அஞ்சு தொட்டி வாங்கினாலும் அப்படித்தான். இதையெல்லாம் தொட்டியில் எழுதி விற்கும் வழக்கமே இங்கில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. வேறு நிற டென்ட்ரோபியம் ஒன்று வாங்கி, அதன் மகரந்தத்தை இதில் வையுங்கள்.

விதை பாக்கெட் சுத்த ஏமாற்று. ஆர்க்கிட் விதை வெறும் தூசி. அதற்குள் சேமிப்பு உணவு கிடையாது, இயற்கையில் உரிய பூஞ்சை புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சர்க்கரை கலந்த அகர் (கடற்பாசி) கூழில் பூஞ்சையில்லாமல் முளைக்க வைத்தார். அதற்குக் கிருமி நீக்கிய குடுவை வேண்டும், தொட்டி மண்ணில் நடக்காது. பாக்கெட்டில் கையால் எண்ணுகிற அளவுக்கு விதை இருந்தால் அது வேறு ஏதோ செடியுடையது.

காட்டுச் செடி என்றால் எனக்குக் கோபமே வருகிறது. மாஞ்சோலை இருக்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அகத்தியமலைக்கே உரிய மஞ்சள் செருப்புப்பூ ஆர்க்கிட், இப்படி வேரோடு அள்ளியதில்தான் அருகிப்போனது. செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பையைத் தேடுகிறவர்கள் சந்தையில் விற்கும் செடி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நம் மலை ஆர்க்கிட்டுகளை அரசுப் பண்ணைகளே முளைக்க வைத்து மலிவாக விற்றால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது. அதற்கு இன்னும் எத்தனை மனு போட வேண்டுமோ!

வேரில் பாசியும் மரப்பட்டையும் ஒட்டியிருந்தால் அது காட்டில் பெயர்த்ததாக இருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காட்டுச் செடி விற்கிறவரிடம் சாதாரணத் தொட்டிச் செடிகூட வாங்காதீர்கள்.