ஓடத் தொடங்குபவர் காலணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புதிதாக ஓடத் தொடங்கும் நீங்கள் எந்தக் காலணியை வாங்குவது, முதல் வாரங்களில் எவ்வளவு ஓடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையையும் விளம்பரத்தையும் விட, காலணி உங்கள் பாதத்துக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். பகல் முழுவதும் நடமாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படியே ஆகும் என்பதால், ஓடுகையில் அணியப்போகும் அதே காலுறையோடு மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கும் (அது எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை) காலணியின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கி மேலெழக் கூடாது. உள்ளிருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கினால் அந்தக் காலணி உங்களுக்குக் குறுகல். போகப்போகத் தளர்ந்துவிடும் என்ற பேச்சை நம்பி அதை வாங்கிவிடாதீர்கள்.

காலணியைவிட நான் அதிகம் கவலைப்படுவது தொடக்கத்தில் காட்டும் அவசரத்தைப் பற்றித்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைப்பவை) எலும்புகளும் பழக மாதங்கள் ஆகும், முழங்காலும் அதற்குக் கீழே காலின் முன்புறமும் வலிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட காலத்தில்தான். ஆகவே வாரத்தில் 3 நாள், இடையில் ஓய்வு விட்டு, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என மாற்றி மாற்றி 20 நிமிடம் செய்தால் போதும். மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிற வேகமே உங்களுக்கு ஏற்ற வேகம். ஒரே இடத்தில் குத்தும் வலி ஓட ஓடக் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் காலணியை மாற்ற வேண்டியிருக்கும்.