வாட்ஸைப் பார்க்காதீங்க தம்பி, தூசியைப் பாருங்க

அம்மாபேட்டைப் பட்டறையில மர வேலை பழகிட்டு, பர்மிங்ஹாம்ல மாமாகூட கிச்சன் கபோர்டு மாட்டுற வேலைக்கு வரப்போறதா எழுதியிருந்தீங்க. வேலை முடிஞ்சதும் வீட்டைச் சுத்தம் பண்ண ஒரு சின்ன வேக்குவம் கிளீனர் வேணும், சேலத்துலேயே வாங்கிட்டு வந்துடட்டுமா, எத்தனை வாட்ஸ் இருக்கணும்னு கேட்டிருந்தீங்க. எனக்கும் சேலம்தான், கன்னங்குறிச்சி. இங்கிலாந்துல இதே தொழில்தான் பண்றேன், அதனால சொல்றேன்.

அங்கிருந்து தூக்கிட்டு வராதீங்க. ரெண்டு நாட்டுலயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாத்தினா ஓடும். ஆனா அதுக்குப் பொருந்துற பையும் ஃபில்டரும் இங்க கிடைக்காம போனா மெஷின் சும்மா கிடக்கும்.

வாட்ஸை விடுங்க. பெட்டி மேல எல், எம், எச்னு ஒரு எழுத்து போட்டிருக்கும், அதைப் பாருங்க. உறிஞ்சின தூசியில எவ்வளவு திரும்ப வெளிய போகலாம்ங்கிற கணக்கு அது. எல் வகுப்புன்னா நூத்துல ஒரு பங்கு வரைக்கும் போகலாம், எம்னா ஆயிரத்துல ஒரு பங்கு. நமக்கு எம்தான் வேணும். ஏன்னா கபோர்டு பலகை அறுக்கிற தூள் மட்டும் இல்ல, சுவத்துல ஓட்டை போட்டா செங்கல், சிமென்ட்ல இருக்கிற சிலிக்கா தூசியும் வரும். எட்டு மணி நேர வேலையில சராசரியா ஒரு கன மீட்டர் காத்துக்கு சிலிக்கா 0.1 மில்லிகிராம், கடின மரத்தூள் 3 மில்லிகிராம், இதுக்கு மேல போகக்கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. ரெண்டுமே புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோற சமாச்சாரம்.

நம்ம ஊர்ல மரத்தூளைக் கூட்டி, சாக்குல கட்டி அடுப்புக்குக் குடுத்துடுவோம். துடைப்பம் கனமான தூளைத்தான் அள்ளும். சுண்ணாம்புக்கரடு பக்கம் வெள்ளைக்கல் லாரி போன பிறகு ரோட்டு மேல தொங்குற புகை மாதிரி, நைஸ் தூசி கிளம்பி ரூம் முழுக்க நிக்கும். எம்டிஎஃப், அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகையைத் தேய்ச்ச அன்னைக்கு, தரை பளிச்சுன்னு இருக்கும்போதே, கதவு நிலையோட மேல் விளிம்புல ஈரத்துணியை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. துணி பழுப்பா வரும். வீட்டுக்காரம்மா மறுநாள் பார்க்கிறது அந்த விளிம்பைத்தான்.

அங்க சித்தாள் வந்து கூட்டிடுவாங்க. இங்க யாரும் வரமாட்டாங்க, கடைசி அரை மணி நேரம் நம்ம வேலைதான். அடுத்த வேலைக்குக் கூப்பிடுறதும் கூப்பிடாததும் பெரும்பாலும் அதுலதான் இருக்கு.

வாங்கும்போது கருவியைச் செருகுற பிளக் பாயிண்ட் மெஷின்லயே இருக்கான்னு பாருங்க. ரம்பத்தை ஆன் பண்ணா வேக்குவம் தானா ஓடும், தூசி கிளம்புற இடத்துலேயே உறிஞ்சிடும். குழாய் ஷாக் அடிக்காத ஆன்டி-ஸ்டாடிக் வகையா இருக்கட்டும். தூசி சேர்ற பையில, காகிதப் பையைவிட துணி மாதிரி இருக்கிற ஃப்ளீஸ் பை நல்லது, சீக்கிரம் அடைக்காது, கிழியாது. ஈரத்தை உறிஞ்சணும்னா பையைக் கழட்டிட்டு, அந்த மெஷினுக்குச் சொல்லியிருக்கிற ஃபில்டரைப் போடுங்க. வீட்டு வேக்குவத்தை ஜிப்சம் தூள்ல விடவே விடாதீங்க, ஃபில்டர் அடைச்சு மோட்டார் போயிடும். எடையையும் தூக்கிப் பாருங்க, லிஃப்ட் இல்லாத மாடிகள் நிறைய.

இன்னொண்ணு, இதை மட்டும் மறந்துடாதீங்க. 2000-க்கு முன்னாடி கட்டின வீட்டுல பழைய கூரைப் பூச்சு, தரை ஓடு, குழாய் உறை எதுலயும் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். 1999-லதான் இங்க முழுசா தடை பண்ணாங்க. சந்தேகம் வந்தா கை வைக்காதீங்க, மாமாகிட்ட சொல்லிட்டு வேலையை நிறுத்துங்க. எம் வகுப்பு மெஷின் அதுக்கு ஆகாது.

பெரிய கட்டட சைட்டுக்குப் போனா 110 வோல்ட், மஞ்சள் பிளக்தான் கேட்பாங்க. அதனால மாமாவுக்கு வேலை வீடுகள்லயா, சைட்லயா, வேன்ல இருக்கிற கருவிகளுக்கு எந்தக் கம்பெனி பேட்டரின்னு முதல்ல கேட்டு எழுதுங்க. அந்த பேட்டரியிலேயே ஓடுற மாடல் இருந்தா செலவு குறையும், பார்த்துச் சொல்றேன்.