அடுப்பை மாற்ற வேண்டாம், ஆப்பிளை மாற்றுங்கள்

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். கேக், பிஸ்கட் எல்லாம் எனக்கு ஓரளவு நன்றாகவே வரும். மகள் தன் பிறந்தநாளுக்கு ஆப்பிள் டார்ட் (மைதா மாவை அச்சில் பதித்து, உள்ளே ஆப்பிள் அடுக்கிச் சுடுவது) கேட்டாள் என்று மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மேலே பொன்னிறம், அடியிலோ வேகாத கொழுக்கட்டை மாவு. ஓரம் சுருங்கி உள்ளே சரிகிறது, ஆப்பிள் கூழாகிவிடுகிறது. கடையில் கிடைத்த சிவப்பு ஆப்பிள்தான் போட்டேன். சிலிக்கோன் அச்சில், ஓடிஜி என்ற மின்சார அவனின் நடுத்தட்டில், 180 டிகிரியில் 40 நிமிடம். அவன் சரியில்லை, புதிது வாங்கலாம் என்கிறார் கணவர். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். மூன்று முறையும் மேல்பக்கம் பொன்னிறமாக வந்திருக்கிறதே, அவன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. உங்கள் டார்ட்டைக் கெடுத்தது தண்ணீர். ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். பச்சை மாவின் மேல் முக்கால் கிலோ ஆப்பிளை அடுக்கினால், சூடு ஏற ஏற அது கசிந்து இறங்கி மாவை அவித்துவிடும். கொழுக்கட்டை என்று நீங்கள் எழுதியது சரியான வார்த்தை.

முதலில் ஆப்பிள். நமக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பளபளப்பான சிவப்பு ஆப்பிள் டெலிஷியஸ் இனத்தைச் சேர்ந்தது. அப்படியே கடித்துச் சாப்பிட நல்லது, அடுப்புக்கு ஆகாது. புளிப்பு குறைவு, குளிர்பதனக் கிடங்கில் நாளானால் சதை மாவு மாவாகிவிடும், சூடு பட்டதும் குழையும். இதன் பின்னால் ஒரு கதை உண்டு. 1870 வாக்கில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் போட்டார். அப்போது வந்த ஆங்கில ரகங்களில் புளிப்பு தூக்கல், நம் நாக்குக்குப் பிடிக்கவில்லை. பிறகு சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் சிம்லா பக்கம் கோட்கரில் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். இனிப்பு ஜெயித்தது. டார்ட் செய்கிறவர்களுக்குத்தான் நஷ்டம்!

ஆகவே பச்சை ஆப்பிள் வாங்குங்கள், கடையில் கிரானி ஸ்மித் என்று கேட்டால் தருவார்கள். விலை கூடுதல்தான். நான்கும் பச்சையாக வேண்டாம், இரண்டு பச்சை, இரண்டு மஞ்சள் கோல்டன் போட்டால் புளிப்பும் மணமும் சேர்ந்து வரும். எந்த ஆப்பிள் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வாணலியில் போட்டு மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். உருவம் நின்றால் அது டார்ட்டுக்கு, குழைந்தால் ஜாமுக்கு.

ஆப்பிளைத் தோல் சீவி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் அரை எலுமிச்சையின் சாறும் பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசிறி வைப்போமே, அதே வேலைதான். கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். வடித்து எடுங்கள், கொட்டிவிடாதீர்கள். அந்தச் சாற்றோடு சீவிய தோலையும் கொட்டைப் பகுதியையும் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டி, மறுபடி பாகு போல வற்றவிடுங்கள். பிரெஞ்சுப் பேக்கரிகளில் ஆப்ரிகாட் ஜாமைத்தான் மேலே தடவுவார்கள். எனக்கு இந்தப் பாகுதான் பிடிக்கும். ஆப்பிளின் மணம் ஆப்பிளுக்கே திரும்பி வருகிறது, ஜாம் வாங்கும் செலவும் மிச்சம்.

அடுத்து மாவு. 9 அங்குல அச்சுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். நெய் ஊற்றலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊற்றலாம், ஆனால் நெய் பிஸ்கட் போலப் பொடியும், அடுக்கு வராது. வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கிறது. அது அவனுக்குள் ஆவியாகும்போது மாவைப் பிரித்து அடுக்கு அடுக்காகத் தூக்கும். இந்த ஒரு இடத்தில் தண்ணீர் நம் கட்சி.

உங்கள் ஓரம் சுருங்கிச் சரிவதற்கு நான் சந்தேகப்படுவது உங்கள் கையை. மதுரைக்காரரிடம் இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. பரோட்டாவுக்கும் மைதாதான். அங்கே அடித்துப் பிசைந்து, இழுத்தால் ரப்பராக நீள வேண்டும். அப்படிப் பிசைந்த மாவை டார்ட் அச்சில் விரித்தால் சூட்டில் பழைய இடத்துக்கே ஓடிவரும். ஆகவே பிசையாதீர்கள். வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவியில் நேராக மைதாவுக்குள் துருவுங்கள். மதுரை வெயிலில் விரல் பட்டாலே வெண்ணெய் உருகும் என்பதால் மைதாவும் கிண்ணமும்கூட ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். தண்ணீரைத் தெளித்து, உதிரி உதிரியாக ஒட்டிக்கொண்டதும் நிறுத்திவிடுங்கள். மாவில் வெண்ணெய்த் திட்டுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், அதுதான் வேண்டும். தட்டையாக அமுக்கி மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம், விரித்து அச்சில் பதித்தபின் இன்னொரு அரை மணி. அச்சுக்குள் மாவை இழுத்து நீட்டாதீர்கள், தானாக உட்காரவிட்டு ஓரத்தை விரலால் ஒற்றுங்கள்.

அந்த சிலிக்கோன் அச்சைக் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது சூட்டை மெதுவாகக் கடத்தும், அடி வெளுத்தே இருக்கும். அடி கழன்று வரும் அலுமினிய டார்ட் அச்சு ஒன்று வாங்கிவிடுங்கள். புது அவன் விலையோடு பார்த்தால் இது கொசுறு.

இனி, ஆப்பிளைப் போடும் முன் ஷெல்லை, அதாவது அச்சில் பதித்த மாவை, தனியாக வேகவைக்க வேண்டும். பிளைண்ட் பேக்கிங் என்பார்கள். முள்கரண்டியால் அடியைக் குத்தி, பேக்கிங் பேப்பர் விரித்து, மேலே ஊறவைக்காத காய்ந்த ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ நிரப்புங்கள். (பட்டர் பேப்பர் என்று விற்பதெல்லாம் அவனுக்குத் தாங்காது, ஒரு முறை என் சமையலறையே புகைந்திருக்கிறது.) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 200 டிகிரியில் நன்றாகச் சூடேற்றி, அடித்தட்டில் வையுங்கள். 15 நிமிடம் கழித்துக் கடலையை எடுத்துவிட்டு, அடி உலர்ந்து லேசாக நிறம் மாறும் வரை இன்னும் எட்டுப் பத்து நிமிடம். கடலையை ஆறவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த முறைக்கும் ஆகும். சுண்டலுக்கு ஆகாது.

வெந்த ஷெல்லில் ஒரு மேசைக்கரண்டி வறுத்த ரவையைத் தூவி, அதன்மேல் ஆப்பிளை நெருக்கமாக அடுக்குங்கள். மிச்சமுள்ள கசிவை ரவை குடித்துவிடும், சாப்பிடும்போது தெரியாது. 190 டிகிரி, அடித்தட்டு, 35 முதல் 40 நிமிடம். ஓரம் சீக்கிரம் சிவந்தால் ஃபாயில் சுற்றுங்கள். வெளியே எடுத்ததும் பாகைத் தடவி, கம்பி ஸ்டாண்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சுடச்சுட டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி கட்டி, பழையபடி கொழுக்கட்டை. ஷெல்லை முந்தின நாளே வேகவைத்துக் காற்றுப் புகாமல் வைக்கலாம், ஆப்பிளை மட்டும் பிறந்தநாளன்று காலையில் அடுக்குங்கள்.

இதற்கு மேலும் அடி ஈரமாகவே வந்தால் டார்ட் டாடான் செய்துவிடுங்கள். பிரான்ஸில் லமோத் பெவ்ரான் என்ற ஊரில் ஹோட்டல் நடத்திய டாடான் சகோதரிகள் பெயரில் வழங்குவது. வார்ப்பிரும்பு வாணலியில் சர்க்கரையையும் வெண்ணெயையும் பழுப்பாக உருக்கி, அதில் பெரிய ஆப்பிள் துண்டுகளை வேகவிட்டு, மாவை மேலே மூடி அவனில் வைப்பார்கள். மாவு ஆப்பிளுக்கு மேலே இருப்பதால் சாற்றில் ஊறும் பேச்சே இல்லை. வெந்தபின் தட்டில் கவிழ்க்க வேண்டும். சூடான பாகு தெறிக்கும், அந்த நேரத்தில் மகளைப் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள். கணவரைக் கூப்பிட்டுத் தட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.